புதுப்பிப்பு: ஷிப்டு மாறும் நேரப் பதற்றமும் மைண்ட்ஃபுல்னஸும்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்குக் குழுவை நடத்துகிறேன். ஷிப்டு மாறும்போது வரும் பதற்றத்துக்கு மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி, உதவுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

உதவுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில் தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். எனக்கு அது கட்டுப்படியாகாது. இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி, குழுவிடம் பேசுமுன் பாதம் தரையில் பதிவதைக் கவனித்து, மூச்சை நிதானமாக விடுகிறேன். லாரி தாமதம் என்று சொல்ல வருபவரை முழுசாகக் கேட்ட பிறகே வாயைத் திறக்கிறேன். இப்போதெல்லாம் கெட்ட செய்தியை யாரும் என்னிடம் மறைப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய மாற்றம்.

ஆனால் ஆள் பற்றாக்குறையை மூச்சுப் பயிற்சி தீர்க்காது. அதைத் தலைவர்கள் பொறுமையால் ஈடுகட்ட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அதனால் ஐவொர்க்ஹெல்த் (iWorkHealth) என்ற ஊழியர் கருத்தாய்வை நடத்தும்படி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். இலவசம்தான்; வேலையிட அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று நிறுவனத்துக்கே காட்டும்.

இரவு ஷிப்டில் யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால் தேசிய மைண்ட்லைன் என்ற மனநல உதவி எண் 1771, 24 மணி நேரமும் உண்டு. எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். நீங்களும் ஒட்டுங்கள்.