நஞ்சுக்கொடித் திசுவில் லெப்டின் அளவு ஒத்துவரவில்லை, உதவுங்கள்

வணக்கம். புதுச்சேரியில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். கர்ப்பகால நீரிழிவு உள்ள தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் லெப்டின் எவ்வளவு என்பதுதான் தலைப்பு. கொழுப்புத் திசுவின் ஹார்மோன் என்று 1994-ல் அறிமுகமான லெப்டினை நஞ்சுக்கொடியும் சொந்தமாகச் சுரக்கிறது. கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தில் ஏறும் அளவு பிரசவம் ஆனதும் சட்டென்று இறங்குவது அதனால்தான்.

தாயின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) எலைசா, அதாவது எதிர்ப்பொருளை வைத்து புரத அளவு பார்க்கும் சோதனை, ஒழுங்காக வருகிறது. அரைத்த திசுவில்தான் தகராறு. ஒரே மாதிரியை 2 மடங்கு நீர்த்தால் ஒரு அளவு. 10 மடங்கு நீர்த்துப் பெருக்கினால் அதைப்போல் மூன்று பங்கு. தெரிந்த அளவு லெப்டினைக் கலந்து பார்த்தேன், பாதிதான் திரும்பக் கிடைத்தது.

மாதிரிகள் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில், பஸ்ஸில் வருகின்றன. முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன். சரி என்று பிரசவ அறையிலேயே திரவ நைட்ரஜனில் உறைய வைத்தோம். மாற்றமில்லை. ரத்தம் போகும்வரை உப்புக்கரைசலில் கழுவினேன், புரதம் சிதையாமல் காக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் சேர்த்தேன், அரைக்கும் பஃபரில் டிரைட்டானை (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்) 1 சதவீதத்திலிருந்து 0.1-க்குக் குறைத்தேன். அப்புறம் புதுக் கிட்டும் வாங்கினேன் (விலையை நினைத்தால் வயிறு எரிகிறது). லெப்டினைப் பிடித்துக்கொள்ளும் கரையும் ஏற்பி குறுக்கே நிற்கலாம் என்கிறார் வழிகாட்டி. மூன்று மாதம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு கிட்டுக்குத்தான் பணம் இருக்கிறது.

நஞ்சுக்கொடித் திசுவில் லெப்டின் எலைசா செய்தவர்கள், எந்த பஃபரில் அரைத்து எத்தனை மடங்கு நீர்த்தபோது அளவு நிலையாக வந்தது?