பேரிங் முத்திரை குத்திய பழைய கடிதங்கள்: யார், எவ்வளவு கட்டினார்கள்?

குடமுருட்டி:
கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீட்டில் கடிதங்களைக் குத்திக் கோத்து வைத்த கம்பி ஒன்று அப்படியே இருக்கிறது. அதில் மூன்று மட்டும் புரியவில்லை. ஒன்று, ஸ்டாம்பே ஒட்டாத உறை. "பேரிங்" என்று கறுப்பு முத்திரை. இன்னொன்று அரையணா கார்டு, 1933. "போஸ்டேஜ் ட்யூ" (கட்டணம் பாக்கி) என்று குத்தியிருக்கிறது. மூன்றாவது பினாங்கிலிருந்து வந்தது. "டி" (T) என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும். இவற்றை எப்படிப் படிப்பது? துருப்பிடித்த கம்பியிலிருந்து கிழியாமல் எடுப்பது எப்படி?

முத்திரைமை:
ஸ்டாம்ப் இல்லை என்று அந்த உறையை ஒதுக்கிவிடாதீர்கள், மூன்றில் அதுதான் முக்கியம். பேரிங் என்றால் அனுப்பியவர் காசு கட்டவில்லை, பெறுபவரிடம் வசூலிக்க வேண்டும் என்று பொருள். முதலில் தேதியைப் பாருங்கள். 1854 அக்டோபருக்கு முன் என்றால் ஸ்டாம்ப் இல்லாததில் வியப்பில்லை. அப்போது தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், முன்கூட்டியும் கட்டலாம், பெறுபவரும் கட்டலாம். பெரும்பாலும் கட்டியதற்குச் சிவப்பு மை, கட்டாததற்குக் கறுப்பு. 1854-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே கட்டணம்: கால் தோலா எடைக்கு அரையணா. ஸ்டாம்ப் ஒட்டாமல் போட்டால் இரட்டிப்பு. அதாவது அரையணாக் கடிதத்துக்குப் பெறுபவர் ஓரணா தர வேண்டும்.

இரட்டிப்பு என்று தெரிந்தும் பலர் வேண்டுமென்றே பேரிங்கில் போட்டார்கள். காசு வசூலாக வேண்டுமே, தபால்காரர் கட்டாயம் தேடி வந்து கொடுப்பார் என்ற நம்பிக்கை. ஆகவே பேரிங் உறையைப் பார்த்ததும் அனுப்பியவர் ஏழை என்று முடிவு கட்ட வேண்டாம்.

உங்கள் கார்டு கணக்கு எளிது. 1931 கடைசியில் கார்டு அரையணாவிலிருந்து 9 பையாக ஏறியது (பை என்பது அன்றைய சிறு காசு, ஓர் அணாவுக்கு 12 பை). பழைய அரையணாக் கார்டை அப்படியே போட்டிருக்கிறார்கள். குறைவு 3 பை, இரட்டித்தால் 6, அதாவது அரையணா. முத்திரையில் அந்தத் தொகைதான் இருக்க வேண்டும்; வேறு தொகை தெரிந்தால் படம் போடுங்கள்.

நாகைத்துறை:
பினாங்கு உறை பற்றி. நாகப்பட்டினம் வழியாக மலேயா போனவர்களின் குடும்பங்களில் இது நிறையக் கிடைக்கும். "டி" என்பது சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் குறி. "தாக்ஸ்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. தொகை குறைகிறது, வசூலிக்கவும் என்று போய்ச் சேரும் நாட்டுக்குச் சொல்வது. இந்தியா அந்த ஒன்றியத்தில் 1876-இல் சேர்ந்தது.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் அந்த எண். அது அணாவும் அல்ல, மலேயா சென்டும் அல்ல. குறைந்த தொகையின் இரட்டிப்பைத் தங்க ஃபிராங்கின் (ஒன்றியத்தின் பொதுக் கணக்குப் பணம்) நூறில் ஒரு பங்கான சென்டைமில் எழுதியிருப்பார்கள். அதை அணாவாக்கி இங்கே தனியாகக் குறித்திருப்பார்கள், முத்திரையாகவோ கையெழுத்தாகவோ. இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், இரண்டும் ஒரே தொகைதான்.

ஓலைச்சுருள்:
கம்பி விஷயம். மேல் கொக்கி வழியாக உருவ வேண்டாம். துரு காகிதத்தோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் துளை வாயாகக் கிழியும். கொக்கியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் மழுக்குங்கள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக, துளையைச் சுற்றி இரண்டு விரலால் தாங்கிப் பிடித்து, நேராக மேலே தூக்குங்கள். எடுக்கும்போதே மூலையில் மெல்லிய பென்சிலால் வரிசை எண் போடுங்கள். கடைசியாக வந்தது மேலே இருக்கும்; தேதி அழிந்த கடிதத்துக்கு அந்த வரிசைதான் சாட்சி.

ஸ்டாம்பை நீரில் ஊறவைத்துப் பிரிக்கவே கூடாது. முத்திரை பாதி ஸ்டாம்பிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கும். பிரித்தால் இரண்டும் வீண். பழைய மை கரைந்தும் ஓடும். செலோடேப், லாமினேஷன் இரண்டுமே ஆகாது. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும்.

குடமுருட்டி:
நன்றி ஐயா. பேரிங் உறையின் பின்புறம் "ரெஃப்யூஸ்டு" (வாங்க மறுத்தார்) என்று மங்கலாகத் தெரிகிறது. அப்படியானால் இந்த வீட்டுக்கு எப்படி வந்தது?

முத்திரைமை:
இந்த வீட்டார் அனுப்பியவர்களாக இருக்கலாம். அன்றைய 1898 அஞ்சல் சட்டப்படி, பெறுபவர் பிரிக்காமல் உடனே திருப்பினால் அவர் கட்ட வேண்டியிருக்கவில்லை, பொறுப்பு அனுப்பியவருக்கு இருந்தது. உறையில் அனுப்பியவர் முகவரி இல்லாவிட்டால் டெட் லெட்டர் ஆபீசில் (டி.எல்.ஓ., சேர்க்க முடியாத கடிதங்களுக்கான அஞ்சல் அலுவலகம்) பிரித்து, முகவரி கண்டு, மீண்டும் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். முன்புற முகவரி எந்த ஊர் என்று பாருங்கள். பின்புறம் சென்னை டி.எல்.ஓ. முத்திரையும் மறுபடி ஒட்டிய தடமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஊர்ப்பெயர் அன்றைய எழுத்தில் இருக்கும்: தஞ்சாவூர் "டாஞ்சூர்", நாகப்பட்டினம் "நெகபட்டம்", மயிலாடுதுறை "மாயவரம்". சாய்வாக வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள், மங்கிய முத்திரையும் தெரியும்.