39 வயதில் மாறுகண்ணுக்கு ஆபரேஷன் தேவையா?

ஓரப்பார்வை:
எனக்கு வயது 39. இடது கண் சின்ன வயதிலிருந்தே வெளிப்பக்கம் விலகி நிற்கும். களைப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். வலது கண்ணில் பார்வை நன்றாக இருக்கிறது. எதுவும் இரண்டாகத் தெரிவதில்லை. "அப்புறம் உனக்கு என்னதான் பிரச்சினை?" என்கிறார்கள் வீட்டில்.

என்ன பிரச்சினை என்று சொல்கிறேன். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். ஒரு அணியில் 25, 30 பேர் இருப்பார்கள். முதல் நாளே எல்லார் பெயரும் எனக்கு மனப்பாடம். "சாருக்கு என்ன ஞாபக சக்தி!" என்பார்கள். ஞாபக சக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெயர் சொல்லாமல் ஒருவரைப் பார்த்து "நீங்க சொல்லுங்க" என்றால் இரண்டு பேர் வாயைத் திறப்பார்கள். இல்லையென்றால், நான் கேட்ட ஆள் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார். அரை விநாடிதான். அந்த அரை விநாடிக்குப் பயந்து 15 வருடமாக முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை உருப்போடுகிறேன்.

போட்டோ, வீடியோ கால் பற்றியெல்லாம் சொல்லவே வேண்டாம்.

பள்ளிக்கூட வயதில் காட்டிய டாக்டர், பெரியவனானால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இப்போது செய்யலாம் என்கிறார்கள். இந்த வயதில் அழகுக்காகக் கத்தி வைத்துக்கொள்வது அபத்தமா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய கண்ணாடி:
நான் 46 வயதில் செய்துகொண்டேன். எனக்கு உள்பக்கம் திரும்பிய கண். கண்ணை வெளியே எடுத்து வைத்துத் தைப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடுங்கிப்போயிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. ஒரு கண்ணை அசைக்க 6 தசைகள் இருக்கின்றன. தேவையானதைத் தளர்த்தியோ இறுக்கியோ மறுபடி தைக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குப் போட்டது பிறகு நகர்த்திக்கொள்ளக்கூடிய தையல். மறுநாள் காலை, எதிரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு டாக்டர் நூலை இழுத்துச் சரிபார்த்தார். வலி பெரிதாக இல்லை, ஆனால் கண்ணுக்குள் எதையோ கட்டி இழுப்பதுபோல் இருந்தது. அதை மறக்க முடியவில்லை. ஒரு வாரம் மணல் விழுந்தமாதிரி உறுத்தல். சிவப்பு போகச் சில வாரங்கள் ஆயின.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மங்கலாக இருந்த கண்ணில் பார்வை துளிகூடக் கூடவில்லை. கூடும் என்று அவர்களும் சொல்லவில்லை. 2 வருடத்தில் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. சிலருக்கு இரண்டாவது முறையும் செய்யவேண்டி வரும்.

இரட்டைப்படி:
என் கதை வேறு. 52 வயதில் ஒருநாள் காலை எழுந்தால் கதவு இரண்டு, கடிகாரம் இரண்டு. மாடிப்படியில் கைப்பிடி இரண்டு தெரியும். எது நிஜம் என்று தடவிப் பார்த்துத்தான் இறங்குவேன். கண்ணை அசைக்கும் நரம்பு ஒன்றில் கோளாறாம். சின்ன வயதிலேயே கண் விலகினால் மூளை ஒரு பிம்பத்தை ஒதுக்கப் பழகிவிடும். எங்களைப்போல் நடுவயதில் வந்தால் அது நடப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டுகிற பிரிசத்தால் (ஒளியை வளைத்து இரண்டு பிம்பத்தையும் ஒன்றுசேர்க்கும் பட்டை) இப்போது சமாளிக்கிறேன்.

"இரண்டாகத் தெரியாதவரை நீங்கள் கொடுத்துவைத்தவர்" என்று முதலில் எழுதி, அழித்துவிட்டேன். பார்ப்பவர்களுக்கு என் கண் நேராகத்தான் தெரிந்தது. என்னிடம் பேசுகிற யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, தைராய்டு, பக்கவாதம் என்று எதுவும் பின்னால் இருக்கலாம்.

விழிப்படலம்:
கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். "அழகுக்காக" என்ற சொல்லை முதலில் விடுங்கள். கண் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவைப்பது சீரமைப்பு. பெரியவர்களின் மாறுகண்ணுக்கென்றே ஏஎஸ்-20 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 20 கேள்விகளில் பாதி, கண்ணைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது போன்ற மன உளைச்சல்கள். மீதிப் பாதிதான் பார்வை சம்பந்தப்பட்டது. உங்கள் பெயர்ப் பட்டியல் முதல் பாதியில் வரும்.

உங்களுக்கு முக்கியமான விஷயம் வேறு. பல வருடம் ஒதுக்கிவைத்த பிம்பம், கண் நேரானதும் திரும்பி வந்து இரட்டையாகத் தெரியலாம். பலருக்கு வராது, வந்தாலும் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ போய்விடும். ஆபரேஷனுக்கு முன்பே பிரிசம் வைத்து அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதைச் செய்யாமல் தேதி குறிக்காதீர்கள். சிலருக்கு முதலில், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டும் பார்ப்பதுண்டு. சுமார் 3 மாதம் தாங்கும். முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்துதான். ஆனால் அமெரிக்காவில் 1989இல் அதற்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான்.

ஓரப்பார்வை:
எல்லாருக்கும் நன்றி. போய்ப் பார்த்தேன், அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற இடத்தில் "எப்போதும்" என்று குறித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதைப் படித்துவிட்டு, "அந்தப் பெயர் உருப்போடுறதும் இதுக்குத்தானா?" என்றாள். கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது, சொன்னதில்லை.

புதன்கிழமை பிரிசம் சோதனை. திங்களன்று புது அணி வருகிறது, 28 பேர். பட்டியல் வந்துவிட்டது. இந்தமுறை அவள் கேட்கக் கேட்க நான் ஒப்பிக்கிறேன்.