மறு: மறு: ஆர்.ஓ. பிளான்ட்டுக்கு ஆளுக்குப் பத்தாயிரம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் ஆர்.ஓ. பிளான்ட், அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கிற மெஷின் வைக்க, வெளிநாட்டில் இருக்கிற நாம் ஆளுக்குப் பத்தாயிரம் தர வேண்டும் என்று நம் ஊர்ச் சங்கச் செயலாளர் மாமா போட்ட மடலைப் பார்த்தேன். இந்தக் காரியத்துக்கு நான் தரப் போவதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு அக்கா ஊருக்குப் போய் வந்தாள். மேல்நிலைத் தொட்டி எங்கள் வாசலுக்கு எதிரில்தானே இருக்கிறது. விடியற்காலையில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரித் தண்ணீர் கொஞ்ச நேரம் விழுகிறது. அது நின்றதும் ஆபரேட்டர் வந்து போர்வெல் மோட்டாரைத் தட்டிவிட்டு அதே தொட்டியை நிரப்புகிறார். இரண்டும் கலந்துதான் தெருக்குழாய்க்கு வருகிறது. ஏன் என்று கேட்டதற்கு, "வர்ற தண்ணி பத்தல, தொட்டி ரொம்பலன்னா சனம் என்னத்தான் பேசுது" என்றாராம். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒகேனக்கல் திட்டமே எதற்காக வந்தது? போர்த் தண்ணீரில் புளூரைடு இருக்கிறது, அதைக் குடிக்க வேண்டாம் என்பதற்காக. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பல் கறையேறும், அதற்கும் மேலே போனால் எலும்பு கெடும். நம் வயசுக்காரர்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், ஒருத்தனும் பல் தெரியச் சிரித்திருக்க மாட்டான். அந்தக் காலத்தில் கொதிக்க வைத்துக் குடி என்று யோசனை சொன்ன பெரிய மனிதர்கள் உண்டு. கொதிக்க வைத்தால் புளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.

ஒகேனக்கல் திட்டத்துக்கு ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாய். 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் வைத்தார். ஏப்ரலிலேயே, கர்நாடகத்தில் எதிர்ப்பு வந்ததும், அங்கே தேர்தல் முடியட்டும் என்று தள்ளி வைத்தார். 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்தார். இன்றைக்கு இரண்டு கட்சிக்காரனும் நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று நோட்டீஸ் அடிக்கிறான். கலக்கிறதை நிறுத்த மட்டும் ஒருத்தன் வர மாட்டான், ஏனென்றால் அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது.

ஊரில் கேட்கலாம் என்றால் ஊராட்சித் தலைவர் யார்? 2019இல் ஜெயித்தவர்கள் பதவி 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர். பல ஊராட்சிக்கு ஒருவர், நம் ஊர்த் தொட்டி எந்தத் திசை என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2016இலிருந்து மூன்று வருடமும் இதே கூத்துதான். உள்ளாட்சித் தேர்தல் என்றால் ஆளுங்கட்சி எதுவானாலும் கோர்ட், வார்டு வரையறை என்று சாக்கு ரெடியாக இருக்கும். சரி, தேர்தல் வந்தபோது நாம் என்ன செய்தோம்? வீட்டுக்கு வீடு பணக் கவரை வாங்கிக்கொண்டோம். வாங்கினவன் எந்த வாயால் தண்ணீர் கேட்பான்?

நம் குழுவும் சளைத்ததில்லை. இங்கே கட்சிச் சண்டை போடுகிறவர்களில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான படிவம் 6ஏ கொடுத்து வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்தாலும் பாஸ்போர்ட்டோடு ஊருக்குப் போய் நேரில்தான் ஓட்டுப் போட வேண்டும், அதுவும் ஒரு கொடுமை.

ஆர்.ஓ. புளூரைடை எடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. எடுத்ததைக் கழிவுத் தண்ணீரோடு சாக்கடையில் விடும், அது திரும்ப மண்ணுக்குள்தான் போகும். கரண்ட் பில், மெம்பரேன் என்கிற வடிகட்டும் சவ்வை மாற்றுகிற செலவு எல்லாம் யார் தலையில்? நாலு ஊர் தள்ளி இப்படி நிறுத்திய காசு போடும் மெஷின் ரூமில் இப்போது ஆட்டுக்குட்டி கட்டியிருக்கிறார்கள். அக்கா போட்டோ அனுப்பியிருக்கிறாள், கேட்டால் தருகிறேன்.

ஒகேனக்கல் தண்ணீருக்குத் தனித் தொட்டி, தெருவுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய். போர்த் தண்ணீர் துணிக்கும் மாட்டுக்கும். இதற்கு நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதியை அரசு போட வழி இருக்கிறது. மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் போட்டு, கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். அதற்கு என்றால் இருபதாயிரம் தருகிறேன்.

– கடைசி வீட்டுச் சின்னவன், சார்ஜா

---

தம்பி சொல்வது நியாயம். ஆனால் தொட்டியோ மெஷினோ, முதலில் கணக்கு. கும்பாபிஷேக வரவு செலவை இன்னும் யாரும் கண்ணில் காட்டவில்லை. சீரியல் லைட்டுக்கு எழுதிய தொகையைப் பார்த்து என் வீட்டுக்காரி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

இன்னொன்று. அமெரிக்காவில் குடியுரிமை வாங்கினவர்கள் அனுப்புகிற பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத நம் சங்கம் அதைத் தொடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் தங்கள் சேமிப்பை பேங்க் வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. போன தடவை மச்சான் கணக்கில் போட்டு மாற்றிக்கொண்ட மாதிரி இந்தத் தடவை வேண்டாம். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

– சிங்கப்பூரிலிருந்து, மேல்தெரு

---

மச்சான் கணக்கு என் மச்சான் கணக்கு. அவசரத்துக்கு உதவினவனுக்கு இதுதான் மரியாதையா? பக்கத்து ஊர்க்காரன் அமெரிக்கப் பணத்தில் வளைவு வைத்து லைட் போட்டுவிட்டான். நாம் இன்னும் பில்லைத் தேடுகிறோம்.

சின்னவனுக்கு ஒன்று. இப்போதைய தொட்டி நிற்கிற இரண்டு சென்ட் எங்கள் தாத்தா கொடுத்தது. பேர் எழுதுகிறோம் என்றார்கள், எழுதவில்லை. உன் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார், கேட்டுப் பார். தனித் தொட்டிக்கு இன்னும் ஒரு சென்ட் வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வந்துவிடாதீர்கள்.

– பெரிய கொட்டாய், நியூ ஜெர்சி