போகி விடியலில் மாற்றிய வடிதாள்: காற்றுத் துகளைச் சோதித்தவர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரி, முன்னாள் வேதியியல் மாணவி:

முதுகலை ஆய்வுக்காக எங்கள் மொட்டை மாடியில் பி.எம். 2.5 சாம்பிளர் (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளை வடிதாளில் பிடிக்கும் கருவி) வைத்திருந்தேன். போகியன்று விடியற்காலை நாலரை மணி. தெருவெங்கும் பாயும் பழந்துணியும் எரிந்தன; எங்கோ டயரும் எரிவது நாற்றத்தில் தெரிந்தது. அந்தப் புகைக்குள் நின்றுதான் குவார்ட்ஸ் வடிதாளை மாற்றினேன். கூடவே பிளாங்க் தாளையும் (ஒப்பிட்டுக் கழிப்பதற்கான வெற்றுத் தாள்) வடிதாள் பிடிப்பானில் பொருத்தி, காற்றை இழுக்காமலே எடுத்து அலுமினியத் தாளில் சுற்றினேன்.

மூன்று வாரம் கழித்து, சேர்மங்களைப் பிரித்து அயனி நிறையால் அடையாளம் காணும் ஜி.சி.எம்.எஸ். கருவியின் திரையில் 204 என்ற அயனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். விறகும் பருத்தித் துணியும் எரிந்தால் வரும் லெவோகுளுக்கோசன் அங்கேதான் தலைகாட்டும். போகித் தாளில் எழுந்தது. அடுத்து ஓட்டிய பிளாங்க் தாளிலும் எழுந்தது, அதில் கால் பங்கு உயரத்துக்கு! ஏசி அறையில் எனக்கு வியர்த்துவிட்டது. "கழித்துவிட்டு எழுதம்மா" என்றார் வழிகாட்டி. எழுதினேன், பட்டமும் வந்தது. ஆனால் நான் கழித்தது எதை? அன்றைய புகையையா, என் கை அழுக்கையா? இன்றுவரை தெரியவில்லை.

வாலாஜாபேட்டை:

சகோதரி புகையின் மேல் சந்தேகப்படுகிறார். என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மாதிரித் தாள் வழியே 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 24 கன மீட்டர் காற்று போயிருக்கும். இரண்டு நிமிடம் திறந்திருந்த தாளில் அதன் கால் பங்கு எப்படிப் படியும்? பிடிப்பானின் விளிம்பில் முந்தைய நாள் கரி ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தீர்களா?

என்னை உறுத்துவது வேறு. துகளிலுள்ள கரிமக் கார்பனையும் தனிமக் கார்பனையும் (வெறும் கரி) பிரிக்கும் கருவியில் வேலை பார்த்தேன். பாலாற்றங்கரையில் ஏப்ரலில் எடுத்த தாள், கன்னங்கரேலென்று இருந்தது. ஹீலியத்தில் சூடேற்றினால் கரிமப் பொருளில் ஒரு பகுதி ஆவியாகும். மீதி அங்கேயே கருகி, தாள் வழியே போகும் லேசர் ஒளியை இன்னும் மங்கச் செய்யும். பிறகு ஆக்சிஜன் விட்டதும் கரி எரிந்து ஒளி ஏறும். தொடக்க அளவுக்கு ஒளி திரும்பும் இடத்தில்தான் இரண்டுக்கும் நடுவே கோடு. எல்லாம் முடிந்து துண்டை வெளியே எடுத்தேன். வெள்ளை வெளேரென்று வரவேண்டியது செங்கல் நிறத்தில் வந்தது. கரியெல்லாம் போய் மிஞ்சிய, இரும்பு கலந்த மண். அந்த நிறமும் லேசரை மறைக்குமே! வறண்ட ஆற்றுத் தூசி ஏறிய தாள்களில் அதுவரை நான் போட்ட கோடுகளை எதை வைத்து நம்புவது?

குடியாத்தம்:

பொங்கல் விடுமுறையில் மின்சாரம் போய், ஆய்வகத்துக்குத் திரும்பியபோது ஃப்ரீசர் வெதுவெதுப்பாக இருந்தது. நாற்பது தாள்கள். என் கதை அவ்வளவுதான்.

வாலாஜா நண்பரே, பிடிப்பான் மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். குவார்ட்ஸ் தாள் காற்றிலுள்ள கரிம ஆவியையும் உறிஞ்சும். புதிதாக இறங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: வடிதாளை 550 டிகிரியில் சில மணி நேரம் சுட்டெடுங்கள். அலுமினியத் தாளையும் அதைவிடக் குறைந்த சூட்டில் சுட வேண்டும், அதில் ஆலையில் தகடு உருட்டிய எண்ணெய் ஒட்டியிருக்கும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய, அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளை, தாளைச் சாக்ஸ்லெட்டில் (கரைப்பானால் சாறு இறக்கும் கண்ணாடிக் கருவி) போடுவதற்கு முன்பே தாளில் விடுங்கள். கடைசியில் சேர்த்தால் வழியில் எவ்வளவு இழந்தீர்கள் என்பது தெரியவே தெரியாது. கரைப்பானான டைகுளோரோமீத்தேனை ஆவியாக்கும்போது அவசரப்பட்டு வற்றவிடாதீர்கள். வேலூர் மே மாத வெயிலில் பினாந்திரீன் போன்ற, வளையங்கள் குறைந்த சேர்மங்கள் ஆவியாகித் தாளில் தங்காது, அவற்றைப் பிடிக்கப் பின்னால் பாலியூரித்தேன் நுரை வேண்டும். எரிபுகையில் வரும், ஐந்து வளையங்கள் கொண்ட பென்சோ-ஏ-பைரீன் துகளோடு ஒட்டியிருக்கும். ஆனால் வெயிலும் ஓசோனும் அதைச் சிதைக்கும். ஓட்டம் முடிந்த தாளை மறுநாள் வரை கருவியிலேயே விடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரநிலையில் பென்சோ-ஏ-பைரீனுக்கான ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு வெறும் 1 நானோகிராம். இவ்வளவு சிறிய அளவில், கொஞ்சம் இழந்தாலும் கெட்ட காற்று நல்ல காற்றாகப் பதிவாகிவிடும்.

சத்துவாச்சாரி:

வாலாஜா அண்ணா, துடைக்கவில்லை. நேற்றிரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன். இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, எடுத்த பிடிப்பானிலேயே பிளாங்க் தாளையும் வைத்தேன்.

அந்தத் தாளில் பாதியைத்தான் கரைத்தேன். மறுபாதி துறையின் ஃப்ரீசரில் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். திங்கட்கிழமை போகிறேன். ஓரத்தையும் நடுவையும் தனித்தனியே வெட்டி ஓட்டப்போகிறேன். ஓரத்தில் மட்டும் 204 எழுந்தால் அது பிடிப்பானின் கரிதான்.