மறு: சினாரியோவுக்குத் தமிழ்ல என்ன? ‘சூழ்கதை’ சரியா வருமா?

வணக்கம் மக்களே,

ஆன்லைன் பாடத்துல ஒரு நெலமைய கதையா சொல்லி ‘நீங்க என்ன செய்வீங்க’ன்னு கேப்பாங்களே, நாம எடுக்கற முடிவுக்கு ஏத்த மாதிரி கதை நகரும், அதான் சினாரியோ. அதுக்கு நேத்து அண்ணன் ‘காட்சி’ன்னே வெச்சுக்கலாமேன்னு எழுதியிருந்தாரு, அதுக்குத்தான் இந்தப் பதில். மணலி பக்கம் ஒரு ஃபேக்டரில, மீட்டிங்க உருப்படியா பிளான் பண்றது எப்படின்னு மேனேஜருங்களுக்கு தமிழ்ல ஒரு ஆன்லைன் டிரெய்னிங் செஞ்சு குடுத்தேன், அதுல நானும் ‘காட்சி 1’, ‘காட்சி 2’ன்னு தான் போட்டேன், மொத நாளே ஒருத்தர் அத கிளிக் பண்ணிட்டு வீடியோ வரும்னு ஹெட்போன் மாட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் அப்டியே உக்காந்திருந்தாரு. தண்டையார்பேட்டைக்காரன், எனக்கு இது முன்னாடியே தோணியிருக்கணும், எங்க ஏரியால சீனுன்னாலே ‘சீன் போடாத’ தான்.

‘சூழ்நிலை’யும் ஒட்டல. மழை பேயுது கரண்ட் இல்லங்கறது கூட சூழ்நிலை தான், ஆனா அதுல நீங்க எதுவும் முடிவு பண்ண வேணாம். எங்க மொத கதைய பாருங்க. மதியம் ரெண்டே கால், மூணு மணிக்கு ஷிப்ட் மாறுது, ஒரு ஆர்டர் லேட்டு, மேலருந்து ‘உடனே எல்லாரையும் கூப்டு பேசு’ன்னு போன் வருது. பன்னெண்டு பேரையும் கூப்புடுவீங்களா, முடிவு சொல்ல வேண்டிய மூணு பேர மட்டுமா, இல்ல என்ன பேசப்போறோம்னு வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போட்டுட்டு காலைல வெச்சுக்குவீங்களா? எத தொட்டாலும் ‘தவறு’ன்னு செவப்பு பெருக்கல் குறி வராது. பன்னெண்டு பேர கூப்ட்டா கம்பெனி பஸ் போயிடும், மறுநாள் பாதி பேர் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு வருவான். மூணு பேர கூப்ட்டீங்கன்னா ஸ்டோர்ஸ்காரர விட்டுட்டு, சரக்கு இருக்கான்னே தெரியாம மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டிருப்பாங்க. கதை அங்கேருந்து கிளை பிரியும். இது இல்லன்னா அது வெறும் பரிட்சை கேள்வி, சினாரியோன்னு பேர் மட்டும் இருக்கும்.

‘நிகழ்நிலை’ன்னு ஒருத்தங்க சொன்னீங்க, இலங்கைல அது ஆன்லைனுக்கே புழங்குது, அப்புறம் ‘நிகழ்நிலை நிகழ்நிலைப் பயிற்சி’ன்னு ஆயிடும். விடுகதை மாதிரி, தேர்ந்தெடுக்கற கதைங்கற அர்த்தத்துல ‘தேர்கதை’ன்னு நானே ஒண்ணு செஞ்சேன், எங்கம்மா கேட்டுட்டு ‘திருவொற்றியூர் தேர் கதையா’ன்னாங்க, விட்டுட்டேன்.

சினாரியோங்கறதே இத்தாலிலேருந்து வந்தது தான், அங்க அந்த காலத்து நாடகக்காரங்க வசனம் எழுத மாட்டாங்க, யார் எப்ப உள்ள வர்றது என்ன நடக்கறதுன்னு மட்டும் எழுதி வெச்சுக்குவாங்க, மீதிய நடிகன் மேடைல நின்னு சமாளிக்கணும். அதனால ‘நிலை’ய விட ‘கதை’ தான் பொருத்தம்னு படுது.

‘சூழ்’னா சுத்தி வளைக்கறது மட்டும் இல்ல, கலந்து யோசிக்கறதுன்னும் பழைய அர்த்தம் இருக்கு. குறள் 671 ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’னு தான் ஆரம்பிக்குது, யோசனையோட முடிவு துணிஞ்சு ஒரு தீர்மானத்துக்கு வர்றதாம், அத தள்ளிப்போட்டா கெடுதலாம். மீட்டிங் பாடத்துக்கு இத விட என்ன வேணும்! ‘சூழ்கதை’ன்னா நம்மள சூழ்ற கதையும் தான், நாம சூழ்ற கதையும் தான். மொத்தமா ‘சூழ்கதைவழிப் பயிற்சி’. முடிவெடுக்கற எடத்துக்கு ‘முடிச்சு’ போதும், காசிமேட்ல வலை பின்றவங்களுக்கும் புரியும்.

அண்ணன் கேட்டிருந்தது:

> சூழ்ச்சின்னா இப்ப சதி தானே தம்பி? மேனேஜருங்களுக்கு சூழ்கதைன்னு போட்டா யூனியன்காரங்க ‘அதான் எங்களுக்கு தெரியுமே’ன்னு சிரிப்பாங்க.

சிரிக்கட்டும்ணே, ‘சுற்றுச்சூழல்’னு சொன்னா யாருக்கும் சதி ஞாபகம் வர்றதில்லயே. ‘ச்சி’ போனதும் பாதி வெஷம் போயிடுது. அடுத்த பேட்ச்சுக்கு ‘சூழ்கதை 1’னு போட்டு வுடறேன், யாராவது ஹெட்போன கைல எடுத்தாங்கன்னா வந்து சொல்றேன்.