மாத்திரை போட்டும் குளத்துல பாசி போகலைங்க, உதவி தேவை

தோட்டத்துவீடு:
வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைல தென்னந்தோப்புக்குள்ள வீடு. குழந்தைகளுக்காகக் கட்டின நீச்சல் குளம், 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். எட்டு மாசமாச்சு. போர் தண்ணி. டிசிசிஏங்கற குளோரின் மாத்திரை, 200 கிராம், வாரத்துக்கு ஒண்ணு மிதவைல வெச்சு விடறேன். ரெண்டு வாரமா தண்ணி பச்சையாக் கலங்கிக் கெடக்குது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தா குளோரின் அடர் மஞ்சளாக் காட்டுது, பிஎச் 7.8. மேல ரெண்டு மாத்திரை போட்டும் மாறலை. பாசி மருந்து வாங்கலாமுங்களா? லீவுக்கு வந்த பசங்க கரையிலேயே நிக்கறாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்குது.

எல்லைக்காரன்:
போர் தண்ணில இரும்பு இருந்தாலும் குளோரின் பட்டு நிறம் மாறுமுங்க. சுவரைத் தடவிப் பாருங்க.

தோட்டத்துவீடு:
வழவழன்னு இருக்குதுங்க. தேய்ச்சா பச்சையா மேகம் மாதிரி கிளம்புது.

மீனாட்சிபுரம் அக்கா:
அப்ப பாசியேதான் தம்பி. மருந்து வாங்காதீங்க, மாத்திரையையும் இன்னைக்கே நிறுத்துங்க. எங்க குளமும் இப்படித்தான் கெட்டுச்சு.

அந்த மஞ்சள் சொட்டு மொத்தக் குளோரினைத்தான் காட்டும், வேலை செய்யற குளோரின் எவ்வளவுன்னு சொல்லாது. டிசிசிஏ கரையும்போது குளோரினோட சயனூரிக் ஆசிடும் தண்ணில இறங்குது. வெயில்ல குளோரின் சிதைஞ்சு போகாமக் காக்கறது அந்த ஆசிடுதான், 30-50 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) இருந்தா நல்லது. ஆனா குளோரின் தீர்ந்தாலும் அது போகாது, சேர்ந்துக்கிட்டே இருக்கும். உங்க குளம் ஏறக்குறைய 21,600 லிட்டர். ஒரு மாத்திரைக்கு 5 பிபிஎம் ஏறுது. எட்டு மாசக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. அத்தனையும் குளோரினைக் கட்டிப் போட்டுடும்.

சயனூரிக் ஆசிடை அளக்க டெஸ்ட் கிட்ல அடியில கறுப்புப் புள்ளி வெச்ச குழாய் இருக்கும். குளத்துத் தண்ணி பாதி, குடிதண்ணி பாதி கலந்து சோதிச்சு, வர்ற எண்ணை ரெண்டால பெருக்குங்க. வெயிலுக்கு முதுகு காட்டி நின்னு, மேலிருந்து பார்த்துக்கிட்டே ஊத்துங்க. புள்ளி மறையற கோடுதான் கணக்கு.

தோட்டத்துவீடு:
80ல மறைஞ்சுதுங்கக்கா. அப்ப 160!

மீனாட்சிபுரம் அக்கா:
அதைக் குறைக்க மருந்து தேடாதீங்க, தண்ணியை மாத்தறதுதான் வழி. முக்கால்வாசி இறைச்சா 40க்கு வந்துடும். மழை ஓஞ்ச உடனே இறைக்காதீங்க, நிலத்தடி நீர் மேல இருந்தா காலிக் குளத்தைத் தூக்கிடும். நம்ம பக்கம் போர் தண்ணி கடுசு, மாடி மழைத்தண்ணி தொட்டில இருந்தா அதையும் கலந்து விடுங்க.

ரொப்பினதும் ஆசிட் விட்டு பிஎச்சை 7.2க்குக் கொண்டு வாங்க. குளோரின் 10 பிபிஎம்முக்கு மேல போயிட்டா பிஎச் அளவை நம்ப முடியாது, அதனால இது முதல்ல. அப்புறம் பொழுது சாய்ஞ்சதும் திரவக் குளோரின். 10 சதவீதச் சரக்குல ஒரு லிட்டருக்கு உங்க குளத்துல 4.6 பிபிஎம் ஏறும், மூணரை லிட்டர் ஊத்தினா 16 வரும். தெளியற வரைக்கும் அந்த அளவைப் பிடிங்க, தினமும் சுவரைத் தேய்ங்க, பம்ப் ஓடட்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், கடுசுத் தண்ணில இன்னும் சுண்ணாம்பு ஏத்தும். அதை டிசிசிஏவோட தப்பித் தவறியும் கலந்துடாதீங்க, தீப்பிடிக்கும். ஆசிடும் குளோரினும் ஒண்ணு சேர்ந்தா விஷவாயு. ரெண்டுக்கும் தனித்தனி வாளி வெச்சுக்கங்க.

தோட்டத்துவீடு:
அஞ்சாம் நாளுங்க. அடியில இருக்கற ட்ரெயின் மூடியோட ஓட்டையெல்லாம் எண்ண முடியுது! பசங்களை இறக்கலாமுங்களா?

மீனாட்சிபுரம் அக்கா:
ராத்திரி ஒரு தடவை, வெயில் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வேலை செய்யற குளோரினைக் காட்டற டிபிடி மருந்துல அளந்து பாருங்க தம்பி. ராத்திரில 1 பிபிஎம்முக்கு மேல குறையலைன்னா பாசி செத்தாச்சு. குளோரின் 4க்கு இறங்கி, பிஎச் 7.2-7.8க்குள்ள இருந்தா இறங்கட்டும்.